முன்சுவருக்குக் காகிதப்பூவா, இட்லிப்பூவா?

தூத்துக்குடியில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கிறீர்கள். மேற்கு பார்த்த வாசல். முன்பக்கச் சுற்றுச்சுவர் நாலடி உயரம், அதை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மண் விட்டிருக்கிறார்கள். பத்து, பதினொரு மணிக்கு ஏறும் வெயில் சாயங்காலம் வரை அங்கே அடிக்கிறது. தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, அதாவது போரிலிருந்துதான் வருகிறது, கொஞ்சம் உப்புக் கரிக்கும். உங்களுக்குக் காகிதப்பூ ஆசை. அம்மாவுக்குச் சாமிக்குப் போட இட்லிப்பூ வேண்டும். இரண்டில் எது சரி, இரண்டையும் மாற்றி மாற்றி நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முன்சுவருக்குக் காகிதப்பூ வையுங்கள். இட்லிப்பூவை வீட்டுக்குப் பின்னால், கிழக்குப் பக்கம், தொட்டியில் வையுங்கள். இரண்டையும் ஒரே பாத்தியில் மட்டும் வைக்க வேண்டாம். நிறமும் உயரமும் பொருந்துமா என்பதை வைத்து நான் இதைச் சொல்லவில்லை; பார்வைக்கு இரண்டும் நன்றாகவே சேரும். தண்ணீரும் மண்ணும்தான் சேராது. காகிதப்பூ தாகத்தில் பூக்கிற செடி, இட்லிப்பூ ஈரத்தில் பூக்கிற செடி. ஒன்று சுண்ணாம்பு மண்ணையும் பொறுத்துக்கொள்ளும், மற்றொன்று அதில் மஞ்சளாகி நின்றுவிடும். ஒரே சொட்டுநீர்க் குழாயில் இரண்டையும் மாட்டினால் ஒன்று பூக்காது, அல்லது மற்றொன்று காயும். நான் பார்த்த வீட்டுத் தோட்டங்களில் இந்த இரண்டு செடிகளும் வீணாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் நோயோ பூச்சியோ இல்லை. காகிதப்பூவை இட்லிப்பூ மாதிரி சீராட்டுகிறார்கள், இட்லிப்பூவைக் காகிதப்பூ மாதிரி வெயிலில் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் காகிதப்பூ. இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா: பிரேசில், பொலிவியா, பெரு பக்கம். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பூகன்வில் உலகைச் சுற்றிவரக் கிளம்பிய பயணத்தில், 1767-ல் ரியோ டி ஜெனிரோவில் அவரோடு போன தாவரவியலாளர் கொமெர்சோன் இதைச் சேகரித்தார். கப்பல் தலைவரின் பெயரே பூகன்வில்லா என்று செடிக்கு வந்தது. கொமெர்சோனுக்கு உதவியாளராகப் போனவர் ஜான் பாரே என்ற பெண். பெண்களைக் கப்பலில் ஏற்றாத காலம் என்பதால் ஆண் வேடமிட்டுப் போனார். கடல்வழியே உலகைச் சுற்றிவந்ததாக அறியப்பட்ட முதல் பெண் அவர்தான். இந்தச் செடியைப் பற்றிப் பேசும்போது அவரையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

நம் ஊரில் இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. சாயங்காலம் மலரும் அந்திமந்தாரையும், வேலி ஓரம் தரையில் படரும் மூக்கிரட்டையும் இதே குடும்பம். நாம் பூ என்று பார்ப்பது உண்மையில் நிறம் மாறிய இலை. மூன்று வண்ண இலைகளுக்கு நடுவே, ஒவ்வொன்றின் நரம்பிலும் ஒட்டிக்கொண்டு, வெளிர்நிறத்தில் ஒரு சின்னக் குழல் நிற்கும். அதுதான் பூ. அது சீக்கிரம் வாடிவிடும், வண்ண இலை வாரக்கணக்கில் நிற்கும். வெயில் காலத்தில் மற்ற செடிகள் சோர்ந்து கிடக்கும்போது இது மட்டும் தீப்பிடித்ததுபோல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் செடியை வளர்க்க விரும்புகிறவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. காகிதப்பூவில் முள் முளைக்கிற இடமும் பூங்கொத்து முளைக்கிற இடமும் ஒன்றுதான். இலைக் காம்புக்கு மேலே, தண்டோடு சேரும் அந்தக் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். அது முள்ளாகவும் ஆகலாம், பூங்கொத்தாகவும் ஆகலாம். செடி வேகமாக வளரும்போது, நிழலில் இருக்கும்போது, தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைக்கும்போது அதன் உடம்பில் வளர்ச்சி ஊக்கியான ஜிப்ரலின் அதிகம் ஓடும், மொட்டு முள்ளாகிவிடும். நல்ல வெயில், கொஞ்சம் வறட்சி, நீண்ட இரவு ஆகியவை சேர்ந்தால் வளர்ச்சி மட்டுப்பட்டு அதே மொட்டு பூங்கொத்தாகும். உங்கள் செடியில் நீளமான கிளைகளில் முள்ளாக நிறைந்து, பூவே இல்லையென்றால், அது பட்டினி கிடக்கவில்லை. அதற்கு எல்லாமே அளவுக்கு மீறிக் கிடைக்கிறது. அப்படிப்பட்ட செடிக்கு உரம் போடுகிறவர்கள்தான் அதிகம். உரத்தை நிறுத்துங்கள், தண்ணீரைக் குறையுங்கள், அதுவே மருந்து.

இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூர் நல்ல உதாரணம். வருடம் முழுக்க மழை பெய்கிற ஊர். தரையில் நட்டால் காகிதப்பூ இலையாகத்தான் தள்ளும். ஆனால் அங்கே சாலைக்கு மேலே போகும் நடைபாலங்களின் இரு பக்கமும் தொட்டி கட்டி இதை வளர்க்கிறார்கள். வேர் ஓட இடம் குறைவு, மண் சீக்கிரம் காய்கிறது, வெயிலுக்குத் தடையில்லை. மழை ஊரிலேயே பூத்துத் தொங்குகிறது. தூத்துக்குடியில் உங்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. வடகிழக்குப் பருவமழை இரண்டு, இரண்டரை மாதம். மற்ற நாளெல்லாம் வறட்சிதான். இந்தச் செடிக்கு வேண்டிய தாகத்தை ஊரே கொடுத்துவிடும்.

நட்ட முதல் வருடம் மட்டும் தாகத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். வேர் பிடிக்கும்வரை வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை நனைய நனைய ஊற்றுங்கள். இரண்டாவது வருடத்திலிருந்து ஆட்டம் மாறும். இலை லேசாகத் துவளும்வரை காத்திருந்து, பிறகு ஒரே முறையில் ஆழமாக ஊற்றி, மறுபடி காயவிட வேண்டும். தினமும் ஒரு குவளை ஊற்றுவதுதான் மிக மோசமான வழி. மேல்மண் மட்டும் நனைந்து, வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மழை நின்றபின், அதாவது மார்கழி கடைசியில், நுனிகளை ஒரு சாண் கிள்ளிவிட்டுத் தண்ணீரைக் குறைத்தால் தை, மாசியில் புதுத் துளிர்களின் நுனியில் வண்ணம் ஏறும். பூ எப்போதும் புதுத் துளிரில்தான் வரும் என்பதால் கவாத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. கோடைப் பூ முடிந்து ஆனி, ஆடியில் நன்றாக, பாதி அளவுக்குக்கூட வெட்டலாம். ஆனால் பூக்கத் தொடங்கும் நேரத்தில் அழகுபடுத்துகிறேன் என்று கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

உரம் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை ஒரு கூடை மட்கிய சாணம் போதும். தொட்டியில் வளர்ப்பவர்கள் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம். தழைச்சத்து மிகுந்ததைத் தவிர்த்துச் சாம்பல்சத்து உள்ளதாகப் பாருங்கள். யூரியா பக்கமே போக வேண்டாம்.

உப்புத் தண்ணீரை இது நன்றாகவே தாங்கும். கடற்கரை விடுதிகளிலும் தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளிலும் இதைத் தேர்ந்தெடுப்பது வெறும் அழகுக்காக இல்லை. உப்புக் காற்று, புகை, வறட்சி எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் தாங்காது, தேங்கும் தண்ணீரை. உங்கள் பாத்தியில் மழைத்தண்ணீர் நின்றால் முதலில் அதற்கு வடிகால் செய்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

ரகங்களில் எனக்குப் பிடித்தது மேரி பாமர். ஒரே செடியில் வெள்ளையும் ஊதா கலந்த இளஞ்சிவப்பும், சில சமயம் ஒரே கொத்தில் இரண்டும் கலந்தும் வரும். கல்கத்தாவில் ஒரு கிளையில் தானாக ஏற்பட்ட மாற்றத்திலிருந்து கிடைத்த ரகம். அதன் வழியில் வந்ததே திம்மா: பூ அதே இரட்டை நிறம், இலையின் நடுவே மஞ்சள் திட்டு. பூ இல்லாத மாதங்களிலும் அழகாக இருக்கும். மகாரா என்ற அடுக்கு ரகத்தை நர்சரிக்காரர்கள் சிபாரிசு செய்வார்கள். கொத்துக் கொத்தாக, பார்க்க அமோகமாக இருக்கும், ஆனால் காய்ந்தபின் வண்ண இலைகள் உதிராமல் பழுப்பாகத் தொங்கிக்கொண்டே இருக்கும். முன்வாசலுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். இன்னொரு விஷயம்: உலகத்தில் எங்கே புதுக் காகிதப்பூ ரகம் உருவானாலும் அதன் பெயரைப் பதிவுசெய்யும் பொறுப்பு டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. தென் அமெரிக்கச் செடிக்கு இந்தியா அவ்வளவு உழைத்திருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முள் கூர்மையானது, கையைக் கிழிக்கும். சிலருக்குக் குத்திய இடம் தடித்து அரிக்கும். நடைபாதைப் பக்கம் நீளும் கிளையை உடனுக்குடன் வெட்ட வேண்டும், குழந்தைகளின் கண் உயரத்தில் ஒரு கிளையும் இருக்கக் கூடாது. மின்கம்பி மேலே போகிறதா என்று நடும் முன்பே பாருங்கள். விட்டால் மாடி உயரத்துக்கு ஏறும். உதிரும் வண்ண இலைகள் காற்றில் பறந்து அடுத்த வீட்டு வாசலுக்கும் மாடி வடிகாலுக்கும் போகும், அதை யாராவது தினமும் பெருக்க வேண்டும். வாசனை கிடையாது. தேன்சிட்டும் சில வண்ணத்துப்பூச்சிகளும் அந்தச் சின்னக் குழலைத் தேடி வரும் என்றாலும், தோட்டத்துக்கு உயிர் கொண்டுவருகிற செடி என்று இதைச் சொல்ல முடியாது. அம்மா கேட்பதுபோல் சாமிக்கும் பொதுவாக இதைப் போடுவதில்லை.

இப்போது இட்லிப்பூ. இது நம்முடைய செடி. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் சிவப்பு இட்லிப்பூவின் தாயகம். சங்க காலத்தில் வெட்சி என்றது இதைத்தான். ஆநிரை கவரப் போகிறவர்கள் சூடிய பூ, அந்தப் புறத்திணைக்கே பெயர் கொடுத்த பூ. முருகனுக்கு உரிய பூவும் இது. கேரளத்தில் செத்தி, தெச்சி என்பார்கள். அங்கே பூஜைப் பூக்களில் முக்கியமானது. கடல் தாண்டியும் போயிருக்கிறது. தென் அமெரிக்காவில் உள்ள சுரிநாம் நாட்டின் தேசியப் பூ இதுவே. நாலு இதழ், நீளமான மெல்லிய குழல், ஐம்பது அறுபது பூக்கள் சேர்ந்த உருண்டைக் கொத்து. ஒரு கொத்து பல வாரம் செடியில் நிற்கும். உறவில் இது காப்பிச் செடியின் குடும்பம். இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொண்டால் அதன் தேவை பாதி புரிந்துவிடும்: காப்பிக்கு எந்த மாதிரி மண் பிடிக்குமோ அந்த மாதிரி மண், அதாவது இலைமட்கு நிறைந்த, ஈரம் தங்குகிற, லேசான புளிப்பு மண்.

மண் புளிப்பா காரமா என்று காட்டும் எண் பி.எச்.; 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம். அது 5-லிருந்து 6 வரை இருந்தால் இட்லிப்பூ சந்தோஷமாக இருக்கும். 7-ஐத் தாண்டினால் தொல்லை ஆரம்பிக்கும். கரிசலிலும் கடற்கரையோரச் சுண்ணாம்பு மண்ணிலும் 8-ஐ ஒட்டி நிற்பது சாதாரணம். அந்த நிலையில் மண்ணில் இரும்பு இருந்தாலும் அது கரையாத வடிவத்தில் பூட்டிக்கொள்ளும், வேரால் எடுக்க முடியாது. இரும்பு இல்லாமல் பச்சையம் உண்டாகாது. புதிதாக வரும் இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். நாளாக ஆக இலை வெளுத்து, ஓரம் கருகி, செடி குட்டையாகி நிற்கும். இளம் இலை மஞ்சளானால் இரும்பு. அடி இலைகள் மஞ்சளானால் தழைச்சத்தோ மக்னீசியமோ குறைவு. இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. மஞ்சளைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று போர்த் தண்ணீரை இன்னும் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு மண்ணை மேலும் காரமாக்கும்.

உங்கள் முன்பாத்தியில் இட்லிப்பூ வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். புதுவீட்டுச் சுற்றுச்சுவர் ஓரத்தில் என்ன இருக்கும்? பூச்சு வேலையில் சிந்திய சிமெண்டு, சுண்ணாம்பு, உடைந்த செங்கல், கலவை கழுவிய தண்ணீர். மேலே அரை அடிக்குச் செம்மண் பரப்பியிருந்தாலும் கீழே அதுதான். அதோடு போர்த் தண்ணீர். சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஒரு அடி ஆழத்திலிருந்து கைப்பிடி மண் எடுத்துக் காயவைத்து, அதன்மேல் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீருக்கு அதைவிட எளிய வழி உண்டு: வாளியிலும் குழாய் வாயிலும் வெள்ளைப் படிவு படிகிறதா என்று பார்த்தால் போதும்.

அப்படிப்பட்ட மண்ணைத் திருத்த முடியாதா என்று கேட்பீர்கள். கந்தகத்தூள் போட்டால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கும், மாதக்கணக்கில் பி.எச். இறங்கும். செம்மண்ணில் இது வேலை செய்யும். ஆனால் வினிகரில் நுரைக்கிற மண்ணில், இருக்கிற சுண்ணாம்பு தீரும்வரை அந்த அமிலமெல்லாம் அதிலேயே செலவாகும். சுவர் இருக்கும்வரை, போர் ஓடும்வரை அந்தச் சண்டை ஓயாது. அதனால்தான் தொட்டி என்கிறேன். தொட்டியில் மண்ணும் தண்ணீரும் உங்கள் கையில் இருக்கிறது.

பதினாலு, பதினாறு அங்குலத் தொட்டி எடுங்கள். சிமெண்டுத் தொட்டி வேண்டாம், அதிலிருந்தே சுண்ணாம்பு கசியும். மண் தொட்டியோ பிளாஸ்டிக்கோ நல்லது. செம்மண் ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரமோ இலைமட்கோ ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. நார்த்தூளைக் கழுவாமல் போட்டால் அதில் உள்ள உப்பு வேரைச் சுடும், ஏற்கெனவே உங்கள் ஊரில் உப்புக்குக் குறைவில்லை. அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, எலும்புத்தூள் மூன்றையும் இந்தத் தொட்டியில் போடாதீர்கள். மற்ற செடிகளுக்கு நல்லது என்று பலரும் சொல்லும் பொருட்கள்தான், ஆனால் மூன்றுமே மண்ணைக் காரப் பக்கம் தள்ளும். துணி துவைத்த தண்ணீரையும் ஊற்றக் கூடாது. சோப்புத்தூள் தண்ணீர் காரம். பின்பக்கம் துவைக்கும் கல் அருகேதான் இடம் என்று எழுதியிருந்தீர்கள், தெறிப்பு படாத தூரத்தில் தொட்டியை வையுங்கள்.

தண்ணீருக்கு ஒரு நல்ல வழி உங்கள் வீட்டிலேயே இருக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றிலிருந்து குளிர்ந்து வடிவது, அதில் உப்பும் சுண்ணாம்பும் அநேகமாக இல்லை. உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு இரவு ஓடினாலே இரண்டு தொட்டிக்குத் தேவையானது கிடைத்துவிடும். குழாயின் கீழே ஒரு வாளி வைத்துப் பிடியுங்கள். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்தால் தை வரை வரும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை மட்டும் இட்லிப்பூவுக்குக் காட்டவே காட்டாதீர்கள், போரில் உள்ள உப்பு அதில் இன்னும் அடர்த்தியாக இருக்கும். அதைக் காகிதப்பூவுக்குக்கூட எப்போதாவதுதான் ஊற்றலாம்.

ஏற்கெனவே மஞ்சளான செடியை வாங்கிவிட்டாலோ, நடுவில் மஞ்சளானாலோ, அன்னபேதி, அதாவது இரும்புச்சத்து உள்ள உப்பான ஃபெரஸ் சல்பேட் வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஐந்து கிராம் அன்னபேதியும் ஒரு கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, சாயங்காலம் இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை. கரைத்த அன்றே தெளித்துவிட வேண்டும், வைத்திருந்தால் பழுப்பாகிப் பயனில்லாமல் போகும். தரையிலும் சுவரிலும் பட்டால் துருக்கறை போகாது, எனவே தொட்டியை மண் தரைக்கு நகர்த்திவிட்டுத் தெளியுங்கள். இரும்பு ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்கு நகராது என்பதால், தெளித்த இலைகள் தேறும், பிறகு வரும் புது இலைக்கு மறுபடி தேவைப்படும். நிரந்தரத் தீர்வு மண்ணும் தண்ணீரும் சரியாவதுதான். மண்ணில் ஊற்றும் கூட்டு இரும்புச்சத்து வாங்குகிறவர்கள் பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள்: இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5-க்கு மேல் பலம் இழந்துவிடும், இ.டி.டி.எச்.ஏ. வகை கார மண்ணிலும் வேலை செய்யும். விலை கூடத்தான், ஆனால் உங்கள் தண்ணீருக்கு அதுதான் பிரயோஜனம்.

வெயில் விஷயத்தில் இட்லிப்பூவை நிழல் செடி என்று நினைத்துவிட வேண்டாம். நாலைந்து மணிநேர வெயில் இல்லாமல் அது பூக்காது. காலை வெயில் அருமை. மதியத்துக்குப் பிறகு சிமெண்டுத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் திரும்பி அடிக்கும் அனல்தான் தொட்டிச் செடிக்கு ஆகாது. உங்கள் வீட்டின் கிழக்குப் பக்கம் இதற்கென்றே செய்தது மாதிரி அமைந்திருக்கிறது. மேல்மண் காய ஆரம்பிக்கும்போதே தண்ணீர் கொடுங்கள், துவளும்வரை காக்க வேண்டாம். மண்மேல் காய்ந்த இலையைப் பரப்பி வைத்தால் கோடையில் பெரிய உதவி.

கவாத்திலும் இரண்டும் எதிரெதிர். இட்லிப்பூவின் மொட்டு கிளையின் உச்சியில் இருக்கும். வேலியைச் சமன்செய்கிற பெரிய கத்தரியால் உருண்டையாகவும் சதுரமாகவும் அடிக்கடி வெட்டினால் வரப்போகும் பூவையெல்லாம் வெட்டிப்போட்டதாக ஆகும். அரசு அலுவலக வளாகங்களில் பச்சைச் சுவர்போல நிற்கும் இட்லிப்பூ வேலிகளில் பூ அபூர்வமாக இருப்பது இதனால்தான். அம்மா பூப்பறிக்கும்போது கொத்துக்குக் கீழே ஒரு கணு சேர்த்துக் கிள்ளினால் அதுவே கவாத்து. அந்த இடத்தில் இரண்டு துளிர் வரும், இரண்டும் பூக்கும்.

எந்த ரகம் என்றால், நர்சரியில் மினி என்று விற்கிற சின்ன இலை ரகங்கள் தொட்டிக்கு ஏற்றவை, இரண்டு மூன்று அடிக்குள் நிற்கும், வருடம் முழுக்க ஏதாவது பூ இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எல்லாம் கிடைக்கும். ஆனாலும் ஒரு தொட்டியிலாவது பழைய நாட்டுச் சிவப்பை வையுங்கள். ஆள் உயரத்துக்கு வளரும், பெரிய தொட்டி கேட்கும். நீளக் குழலில் உள்ள தேனுக்குக் கறுப்பும் சிவப்புமான பெரிய அழகி வகை வண்ணத்துப்பூச்சிகள் வந்து இறக்கை படபடக்கக் குடிப்பதைப் பார்க்கலாம். ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி இனம் இட்லிப்பூ இலையிலேயே முட்டையிட்டு அதைத் தின்று வளரும், அதனால் இளம் இலையில் ஓட்டையைப் பார்த்ததும் மருந்து அடித்துவிடாதீர்கள். பழம் பழுத்தால் கருஞ்சிவப்பாகும், பறவைகள் வரும், பிள்ளைகளும் பறித்துத் தின்னலாம். சுவை லேசான இனிப்பு.

பூச்சி என்று பார்த்தால் இரண்டுக்கும் மாவுப்பூச்சி வரும். இட்லிப்பூவில் கூடவே செதில் பூச்சியும் ஒட்டும், அதன் தித்திப்புக் கழிவில் கரும்பூசணம் படர்ந்து இலை கரி பூசியதுபோல் ஆகும். எறும்பு ஏறுகிறது என்றால் அங்கே இவை இருக்கின்றன என்று அர்த்தம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதே கேள்வியை நாகர்கோவிலிலிருந்து கேட்டிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அங்கே மண் செம்மண், புளிப்புப் பக்கம். இரண்டு பருவமழையும் உண்டு. முன்சுவர் முழுக்க இட்லிப்பூவைத் தரையிலேயே நடலாம், காகிதப்பூவுக்குத்தான் மாடித் தொட்டி தேவைப்படும். கோவில்பட்டிக் கரிசலுக்கும், சுண்ணாம்புப் பாறைமேல் இருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உங்களுக்குச் சொன்ன பதிலே பொருந்தும். நர்சரியில் பச்சைப்பசேல் என்று நிற்கிற இட்லிப்பூ எந்த மண்ணில், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று விசாரித்து வாங்குவது நல்லது. மலையடிவாரத்திலிருந்து வருகிற செடிகள் உங்கள் போர்த் தண்ணீரைக் குடித்துச் சில மாதங்களில் வெளுப்பதற்கு நர்சரிக்காரர் பொறுப்பில்லை.

நடுவதற்குப் புரட்டாசி சரியான மாதம். வேர் பிடிக்கும்போது மழை வந்துவிடும். காகிதப்பூவுக்கு இரண்டு மீட்டருக்கு ஒரு குழி, இரண்டடி ஆழம். தோண்டும்போது வரும் சிமெண்டுக் கட்டிகளை எடுத்துப் போட்டுவிட்டு மணலும் மட்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒன்றரை அடி தள்ளி நட்டு, கம்பியில் சாய்த்துக் கட்டுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். காகிதப்பூவின் வேர் நூல்போல மெல்லியது, மண்ணைச் சேர்த்துப் பிடிக்காது. பையிலிருந்து செடியைத் தண்டைப் பிடித்து இழுத்தால் மண் உதிர்ந்து வேர் அறுந்துவிடும், நல்ல செடிகூட அதோடு போய்விடும். பையின் அடியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அப்படியே குழிக்குள் இறக்கி, பக்கவாட்டில் கிழித்து, மண்ணை நிரப்பிக்கொண்டே பையை மேலே உருவிவிடுங்கள். வாங்கும்போது இருந்த பூவெல்லாம் முதல் வாரத்தில் உதிரும். இடம் மாறியதால் வருவது அது, செடி பட்டுப்போகிறது என்று நினைக்க வேண்டாம். இட்லிப்பூ மண்கட்டியோடு தைரியமாகத் தொட்டிக்கு மாறும். மாற்றிய பிறகு ஒரு வாரம் நிழலில் வைத்து, அதன் பின் காலை வெயிலுக்கு நகர்த்துங்கள்.